தகட்டில் பொறித்த இலக்கம்

பதுளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் பெருவீதி பசறையைக் கடந்து, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து சென்று லுணுகலையை அடைகின்றது. அங்கிருந்து பிபிலைக்கு இறங்கி, மகா ஓயாவைத் தாண்டி, மட்டக்களப்பைச் சேர்ந்த செங்கலடியிற் சென்று முடிகின்றது. மலைநாட்டையும் கீழ்கரையையும் இணைக்கும் பாதை இது. சிங்கள மொழியில் லுணு என்பது உப்பு. கல என்பது கல். ஊவா நாட்டிற்குப் பொதிமாடுகளின் மேல் உப்பு வந்த காலம் ஒன்று இருந்தது. தவளம் என்று அக்கூட்டத்தை அழைத்தனர். தவளத்தின் பின் மாட்டு வண்டியும், மாட்டு வண்டியின் பின் மோட்டார் வண்டியும் இம்மலைகளில் ஏறின.

1924ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. ஆயினும் அதற்கப்பால் உள்ள லுணுகலை, மடூல்சீமைத் தோட்டங்களுக்கு வீதியே கதியாயிற்று. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் பதுளைக்குச் சென்றதும், அங்கிருந்து அரிசி மூடைகள் மலையேறியதும் இவ்வீதி வழியாகவே. ஆகவே மோட்டார் வண்டியின் சரித்திரம் இவ்வூர்களுக்குப் புறம்பான ஒன்றன்று.

இன்றும் எப்போதாவது ஒரு பழைய ஒஸ்டின் காரோ, மொரிஸ் மைனரோ இவ்வேற்றத்தில் முனகிக்கொண்டு செல்வதைக் காணலாம். அதன் முகப்பிலே கரிய தகட்டில் வெள்ளை எழுத்தில் 'ஈ.வை.' என்றோ 'சி.என்.' என்றோ இரண்டு ஆங்கில எழுத்துகளும் சில எண்களும் இருக்கும். வேறொரு வண்டியில் எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கும். புதிய வண்டியொன்றில் வெண்ணிறத் தகட்டிலே மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இம்மூன்று தகடுகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவனுக்கு இலங்கையின் ஒரு நூற்றாண்டு வரலாறு அதிலே தெரியும். எழுத்தை ஏன் மாற்றினார்கள், மாற்றியபோது நேர்ந்தது யாது, அத்தகடு வண்டிக்கு அளித்தது யாது என்பனவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

வண்டிக்கு இலக்கமிடும் வழக்கம் பிரான்சு தேசத்திலே தோன்றியது. 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரப் போலீஸ் அதிகாரம் ஒரு கட்டளை பிறப்பித்தது. ஒவ்வொரு மோட்டார் வண்டியும் தன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இலக்கமும் பொறித்த தகட்டைத் தாங்க வேண்டும் என்பது அக்கட்டளை. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1901இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்கே முதலில் இலக்கம் இல்லை. உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளையே வண்டியின் பின்புறத்தில் இட்டுக்கொண்டனர். ஒரே முதலெழுத்துகளையுடைய பலர் வண்டி வாங்கவே, அம்முறை பயன்படாது போயிற்று. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் 1904 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வண்டியைக் கவுண்டிச் சபையில் பதிந்து, எழுத்தும் எண்ணும் பெற்று, அதை யாவரும் காணத் தொங்கவிட வேண்டும் என அச்சட்டம் விதித்தது.

அக்காலத்துச் செல்வந்தர் பலர் இதை விரும்பினாரல்லர். குதிரை வண்டிக்கு இல்லாத தகடு மோட்டார் வண்டிக்கு மட்டும் எதற்கு என்று முறையிட்டனர். கைதிக்கு இடுவது போல் கனவானுக்கு எண் இடுவதா என்பது அவர்களின் மனக்குறை. ஆயினும் வீதியில் நடந்து செல்வோன் ஒருவனை மோதிவிட்டு மறைந்து போகும் வண்டியை அடையாளம் காண வேறு வழி இருக்கவில்லை. நடப்பவனின் பாதுகாப்பிற்காகவே ஓட்டுபவன் தன் எண்ணைக் காட்ட வேண்டியதாயிற்று. இலக்கத் தகட்டின் பிறப்பில் உள்ள நியாயம் இதுவே.

இலங்கையில் மோட்டார் வண்டி 1902ஆம் ஆண்டில் வந்திறங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1904இல், இலங்கை மோட்டார்ச் சங்கம் நிறுவப்பெற்றது. கொழும்பு வர்த்தகரும் தோட்டத் துரைமாரும் வண்டி வாங்கத் தொடங்கினர். மலைநாட்டுப் பாதைகளில் ஓட்டுவது எளிதன்று. ஏற்றத்தில் நீர் கொதித்து நிற்கும் வண்டியைத் தோட்டத் தொழிலாளர் தள்ளிவிடும் காட்சி அந்நாளில் வழக்கமானது. பின்னர் விலை மலிந்த அமெரிக்க வண்டிகளும் சிறிய ஆங்கில வண்டிகளும் வந்தன. கணக்கில் நன்கு சம்பாதித்த பெரிய கங்காணிமார் சிலரும் கார் வைத்திருந்தனர்.

வண்டிகள் பெருகவே ஒழுங்கான சட்டம் வேண்டியதாயிற்று. 1927ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மோட்டார் கார்ச் சட்டம் வந்தது. அதையடுத்து 1928இல் மோட்டார் வாகனப் பதிவிற்கென ஒரு திணைக்களம் அமைந்தது. 1938இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சுதந்திரத்தின் பின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களுடன் அச்சட்டமே இன்றும் அடிப்படையாக நிற்கின்றது.

அக்காலத் தகடுகளில் இருந்த எழுத்துகள் தற்செயலானவை அல்ல. சிலோன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் எழுத்துகளிலிருந்து அவை பிறந்தன. சி.ஈ., சி.எல்., சி.என்., சி.வை. என்று ஒரு வரிசை. அது தீர்ந்ததும் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று மற்றொரு வரிசை. நாட்டின் பெயரைப் பிரித்து வண்டிகளுக்குப் பங்கிட்டது போன்ற முறை அது. அவ்வெழுத்துகள் சிங்களவருக்கும் சொந்தமல்ல, தமிழருக்கும் சொந்தமல்ல, ஆட்சியாளரின் எழுத்துகள். ஆதலால் அவற்றைப் பற்றி எவரும் சண்டையிட்டாரல்லர்.

வண்டிக்கு இலக்கம் கிடைத்தது போலவே ஒரு பதிவுப் புத்தகமும் கிடைத்தது. வண்டி எந்தத் தேசத்தில் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, என்றைக்கு முதன்முதலாகப் பதியப்பட்டது, எஞ்சின் இலக்கம் என்ன, அடிச்சட்ட இலக்கம் என்ன, நிறம் என்ன, முதல் உரிமையாளர் யார், அவரிடமிருந்து யார் வாங்கினார், அவருக்குப் பின் யார் என்பன யாவும் அதில் எழுதப்பட்டன. பிரதி இன்னொன்று திணைக்களத்தில் இருந்தது. வண்டி ஐம்பது முறை கைமாறினாலும் அதன் இலக்கம் மாறாது; பிறந்த கதையும் அழியாது.

இவ்விடத்தில் வேறொரு தகட்டைப் பற்றிக் கூறுதல் வேண்டும். மோட்டார் வண்டிக்குத் தகடு வருமுன்னரே, இந்நாட்டிற்கு வந்த மனிதருக்குத் தகடு வந்துவிட்டது.

தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணிகள். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். வழியில் ஓடிப்போவோர் உண்டு. ஒரு தோட்டத்து ஆளை மற்றொரு தோட்டம் இழுத்துக்கொள்வதும் உண்டு. இதைத் தடுத்துச் செலவைச் சரியாக வசூலிக்கும் பொருட்டு, 1901ஆம் ஆண்டையொட்டி, டின் டிக்கட் முறை என்று பெயர் பெற்ற ஏற்பாடு தொடங்கியது. சிறிய வட்டமான உலோகத் தகடு ஒன்றில் தோட்டப் பகுதியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும், தோட்டத்தின் இலக்கமும், தொழிலாளியின் இலக்கமும் பொறிக்கப்பட்டன. ஒரு துளையிட்டுக் கயிற்றில் கோத்து, தகடு தொழிலாளியின் கழுத்திலே மாட்டப்பட்டது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறை முகாமிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து தோட்டத்திற்கும் அத்தகட்டைக் காட்டியே அவன் பயணஞ் செய்தான். கையிற் பணம் வேண்டியதில்லை. செலவை அரசாங்கம் முன்னே கொடுத்துத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. 1904இல் இலங்கைத் தொழிற் கமிஷன் திருச்சிராப்பள்ளியில் தலைமை நிலையம் அமைத்து இப்பணியை விரிவாக்கியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலுடன் இணைந்த புகையிரதப் பாதை திறந்தபின், மண்டபம் முகாம் பெரும் வாயிலாயிற்று.

எழுத்து ஒன்று, எண் இரண்டு, துளையிட்ட தகடு ஒன்று. மோட்டார் வண்டியின் தகட்டையும் மனிதனின் தகட்டையும் ஒப்பிட்டால் அமைப்பிற் பெரும் வேறுபாடு இல்லை. வேறுபாடு அதன் பின்னால் இருந்த புத்தகத்தில் உள்ளது. வண்டியின் தகடு, வண்டியின் வரலாற்றைக் காக்கும் பதிவேட்டிற்கு வழிகாட்டியது. மனிதனின் தகடு, அவனுக்காகச் செலவழித்த பணத்தின் கணக்கிற்கு வழிகாட்டியது. தோட்டத்தை அடைந்ததும் அதன் வேலை முடிந்தது.

தோட்டத்தில் அவனுக்கு இருந்த பதிவு செக்ரோல் ஒன்றே. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படும்; வேலை செய்த நாளுக்குப் பெயர் விழும். 'பேர் பதிந்தாயிற்று' என்றால் தோட்டத்தில் இடம் கிடைத்தது என்று பொருள். 'பேர் வெட்டியாயிற்று' என்றால் வேலையும் லயத்து வீடும் போயின என்று பொருள். இவ்விரு சொற்றொடர்களும் தோட்ட மக்களின் பேச்சிலே ஆழ வேரூன்றியவை. வேறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின் துண்டு வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கடனே மனிதனின் விலையாயிற்று. இந்த அநீதியை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. துண்டு ஒழிந்தது நன்மையே. ஆயினும் ஒருவன் எங்கே பிறந்தான், எப்போது வந்தான், எத்தனை ஆண்டு தொடர்ந்து இருந்தான் என்று அவன் கையிலே வைத்துக் காட்டக்கூடிய புத்தகம் அதன் பின்னரும் அவனுக்குக் கிட்டவில்லை.

அத்தகைய புத்தகம் இல்லாமையின் விளைவு சுதந்திரத்தின் பின் தெரிந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டும் என அச்சட்டம் கேட்டது. லயத்திலே பிறந்த குழந்தைகள் பலரின் பிறப்புப் பதிவே இல்லாதபோது, பாட்டனின் பிறப்புக்குப் பத்திரம் எங்கே தேடுவது?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5ஆம் திகதி இறுதி நாள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கக் கூறிற்று. பின்னர் மனம் மாறி விண்ணப்பிக்குமாறு தூண்டிற்று. அக்குறுகிய காலத்திற்குள் ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. மற்றவர்களில் மிகப் பலர் வீழ்ந்தது பத்திரக் குறைவினால். இந்தியாவிலுள்ள நோயாளித் தாயைப் பார்க்கச் சென்று திரும்பத் தாமதித்தவனுக்கு வாழ்வு இடைவிட்டதாகக் கருதப்பட்டது. செக்ரோலில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் ஒரு பெயருமாக இருந்தவன் தன்னைத் தானே நிரூபிக்க இயலாது நின்றான்.

அதே ஆண்டில் அதே தோட்டத்துத் துரையின் பங்களாவில் நின்ற வண்டியின் கதையை எண்ணிப் பார்க்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இறங்கிய நாள் முதல் அதன் வாழ்வு இடைவிடாது எழுதப்பட்டிருந்தது. எவரேனும் கேட்டால் ஒரு புத்தகத்தை நீட்டினாற் போதும். வண்டிக்கு அவ்வளவு கவனமாகப் பதிவேடு வைக்கத் தெரிந்த நிருவாகம், தேயிலையைப் பறித்த கைக்கு அதுபோல ஒரு பதிவேடு வைக்க எண்ணவில்லை.

இனி ஸ்ரீ எழுத்தின் கதையைக் காண்போம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக, 1957 சனவரி முதல் புதிதாகப் பதியும் வண்டிகளின் தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்றது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க. ஸ்ரீ என்பது மங்கலச் சொல். தமிழரும் கடிதத்தின் தலைப்பில் ஸ்ரீ எழுதுபவரே. ஆகவே சொல்லின் மீது எவருக்கும் வெறுப்பிருக்க நியாயமில்லை. எழுத்து வடிவே விவகாரமாயிற்று. தான் விலை கொடுத்து வாங்கிய வண்டியிலே தன் மொழிக்கு இடமில்லாது, மற்றொரு மொழியின் எழுத்தைக் கட்டாயமாகத் தாங்கிச் செல்ல வேண்டும் என்பதைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை.

இலங்கைத் தமிழரசுக் கட்சி எதிர்ப்பைத் தொடங்கியது. சிங்கள எழுத்தை அகற்றித் தமிழில் ஸ்ரீ எழுதிய தகடுகளுடன் வண்டிகள் ஓடின. வழக்குகளும் தண்டமும் சிறையும் தொடர்ந்தன. 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கொந்தளிப்பு ஒருவாறு தணிந்தது. ஆனால் 1958 சனவரியில் பஸ் சேவைகள் தேசிய மயமாக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்ரீ தகடு பூண்ட புதிய பஸ் வண்டிகள் வடக்கிற்கு அனுப்பப்பட்டன. மீண்டும் தார்ச்சட்டியும் தூரிகையும் எழுந்தன. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள ஸ்ரீ மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. எழுத்தை மறைக்கத் தொடங்கிய தார், சிறிது காலத்தில் மனிதர் முகத்தையே மறைக்கத் தொடங்கிற்று.

அவ்வெதிர்ப்பு மலைநாட்டிற்கும் பரவியது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்ததில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். இதன் பொருள் ஆழ்ந்து நோக்கற்பாலது. அம்மக்களில் மிகப் பெரும்பாலோரிடம் மோட்டார் வண்டி இல்லை. ஸ்ரீ எழுத்தைத் தம் வீட்டு வாயிலிற் கட்டாயமாகத் தாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. வாக்குரிமையும் அவர்களிடம் இருக்கவில்லை. ஆயினும் தகட்டிலுள்ள எழுத்து யாருடையது என்ற வினாவிற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களுள் அவர்களும் அடங்குவர்.

1958 ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் வெடித்து, 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. உயிர்களும் உடைமைகளும் பெருவாரியாக அழிந்தன. ஓர் எழுத்து மட்டும் இவற்றுக்கெல்லாம் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. மொழி, காணி, வேலைவாய்ப்பு, அரசியற் போட்டி ஆகிய பல காரணங்கள் உள்ளே கனன்றிருந்தன. ஆயினும் சட்டப் புத்தகத்தில் உள்ள விதியைப் பாமரன் காண்பதில்லை. கண்முன்னே ஓடும் வண்டியிலுள்ள எழுத்தை நாள்தோறும் காண்கிறான். கண்ணிற் படுவதே மனத்திலும் தைக்கும்.

ஆண்டுகள் சென்றன. ஸ்ரீ வரிசை நீண்டு முடிந்தது. அதன்பின் எழுத்தின்றி எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே ஒரு சிறு கோடு மட்டும் இட்ட வரிசைகள் வந்தன. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன. கரிய தகடு போய், முன்புறம் வெள்ளையும் பின்புறம் மஞ்சளுமான தகடுகள் வந்தன. ஒவ்வொரு மாகாணத்திற்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒதுக்கப்பட்டன. ஊவா மாகாணத்து வண்டிகள் யூ.பி. என்ற எழுத்துகளைத் தாங்கின. ஒரு மாகாணத்து வண்டி வேறு மாகாணத்தவருக்கு விற்கப்பட்டால் தகடும் மாற வேண்டியதாயிற்று. அத்தொல்லையைக் கருதி, 2023ஆம் ஆண்டு முதல் மாகாண எழுத்துகள் கைவிடப்பட்டன. எவ்வெழுத்திற்காக ஒரு காலத்திற் குருதி சிந்தியதோ, அவ்வெழுத்து எவ்விதக் கூச்சலுமின்றி மறைந்தது. வண்டியை அடையாளங் காண அவ்வெழுத்து இன்றியமையாததன்று என்பதை அதன் மறைவே காட்டுகின்றது.

ஆயினும் பழைய வண்டி பழைய தகட்டை இழப்பதில்லை. பதிந்த நாளின் இலக்கமே அதன் வாழ்நாள் இலக்கம். ஆகையால் ஈ.வை. வண்டி இன்றும் ஈ.வை. வண்டியே, ஸ்ரீ வண்டி இன்றும் ஸ்ரீ வண்டியே. பழைய கார்களைப் பேணுவோர் இவ்விலக்கங்களைப் பெரிதும் மதிக்கின்றனர். இந்நாட்டில் பழைய வண்டிகள் நெடுங்காலம் ஓடியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பின்னர் 2020 முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்து, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது. புதியது கிடையாதபோது பழையதைப் பழுது பார்த்தே ஓட்ட வேண்டும். இயந்திரத் தொழிலாளரின் கைத்திறன் அவ்வாறு வளர்ந்தது.

பழுதடைந்து ஆண்டுக்கணக்காகக் கொட்டிலிற் கிடந்த காரை மீண்டும் வீதிக்குக் கொண்டுவர விரும்புவோன் முதலில் தேட வேண்டியது எஞ்சினின் உதிரிப்பாகத்தை அன்று, பதிவுப் புத்தகத்தையே. எஞ்சினிலுள்ள எண்ணும், அடிச்சட்டத்திலுள்ள எண்ணும், புத்தகத்திலுள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் அம்மாற்றம் திணைக்களத்தில் பதியப்பட்டிருத்தல் வேண்டும். கடைசியாகப் பதிந்த உரிமையாளர் இறந்திருப்பின், அவரின் உரித்தாளர் யார் என்பதற்குப் பத்திரம் வேண்டும். நடுவிலே ஒரு கைமாற்றம் பதியாது விடுபட்டிருப்பின், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது போலாகும். வண்டி எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் வீதியில் அதற்கு உரிமை இல்லை.

அயல்நாடாகிய இந்தியா இவ்விடயத்தில் 2021ஆம் ஆண்டு யூலை மாதம் தனி விதிகளை வகுத்தது. முதற் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வர்த்தக நோக்கில்லாத, மூல அமைப்பிற் பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் என அவ்விதிகள் ஏற்றன. ஏற்கெனவே இலக்கம் பெற்ற வண்டி தன் பழைய இலக்கத்தையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதியும் வண்டிக்கு வி.ஏ. என்ற தனி எழுத்துகள் உண்டு. தமிழ்நாட்டிற் பதிந்தால் டி.என். என்பதையடுத்து அவை வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபா. பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபா. அன்றாடப் பயணத்திற்கோ வருமானத்திற்கோ அவ்வண்டியை ஓட்டலாகாது. காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், பந்தய ஊர்வலத்திற்கும், பழுது பார்க்கவும் ஓட்டலாம். அங்கும் கேட்கப்படுவது பத்திரமே. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்குச் சுங்கப் பத்திரமும், இந்தியாவிற் பதிந்திருந்த வண்டிக்குப் பழைய பதிவுச் சான்றும் வேண்டும். ஐம்பது ஆண்டு வாழ்ந்த இயந்திரத்திற்கு மதிப்பளித்து, அதன் பழைய இலக்கத்தை அதற்கே விட்டுவைக்கும் இம்முறை பாராட்டத்தக்கது.

இவ்வாறு ஓர் இயந்திரத்திற்குக் காட்டப்படும் மரியாதையை மலைநாட்டு மக்கள் பெற நெடுங்காலம் சென்றது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 975,000 பேர் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டனர்: இந்தியாவிற்கு 525,000, இலங்கைக்கு 300,000, பின்னர் தீர்மானிக்க 150,000. அவ்வெஞ்சிய தொகையை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. லுணுகலை போன்ற ஊர்களின் லயங்களில் ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு தேசமும் தம்பிக்கு ஒரு தேசமும் கிடைத்தன. பதுளைப் புகையிரத நிலையத்தில் விடைபெற்றோரின் கண்ணீரை இப்பகுதி முதியோர் மறந்தாரல்லர். ஈற்றில், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. மனிதனின் பதிவேட்டில் அறுந்திருந்த கண்ணி அன்றே சட்டப்படி இணைந்தது.

இலக்கத் தகடு சிறிய பொருள். ஆயினும் அதன் வரலாறு மூன்று பாடங்களை உணர்த்துகின்றது. பதிவு என்பது பலமற்றவனைக் காக்கப் பிறந்தது. அவனைக் கட்டி வைக்கப் பயன்படலாகாது. பொதுவாக யாவரும் தாங்க வேண்டிய அடையாளத்தில் ஒருவரின் எழுத்தை மட்டும் பொறித்தல் ஒற்றுமைக்கு வழியாகாது. பத்திரத்தைப் பேணாதவன் உண்மையைச் சொன்னாலும் நம்பப்படுவதில்லை.

இவற்றுள் இறுதியில் கூறியதைத் தோட்டக் குடும்பங்கள் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். பழைய கார் ஒன்றின் பதிவுப் புத்தகத்தை எண்ணெய்க் கடதாசியிற் சுற்றிக் காப்போர் உளர். அவ்வாறே பாட்டனின் கழுத்திலே தொங்கிய தகடோ, மண்டபம் முகாமிற் கொடுத்த சீட்டோ, தோட்டத்துப் பற்றுச்சீட்டோ, பிறப்புப் பத்திரமோ லயத்துத் தகரப் பெட்டியின் அடியில் எங்கேனும் இருப்பின் அவற்றை எறிந்துவிடாது பாதுகாத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டி, அதிலுள்ள எழுத்து இன்ன பகுதி, எண் இன்ன தோட்டம் என்று விளக்குதல் வேண்டும். கழுத்தில் மாட்டப்பட்டபோது அத்தகடு பிறர் எழுதிய கடன் கணக்கு. பேரனின் கையில் அது இம்மண்ணுக்கு வந்து உழைத்தவர் ஒருவரின் சாட்சி.